முதல் ரிமோட் கார்: வேகத்தைப் பார்க்காதே, ஸ்பேரைப் பார்!

“ரிமோட் காரா? அது சின்னப் பசங்க சமாச்சாரம் ஆச்சேடா! டிப்ளமோ படிக்கிறவன் பொம்மை வச்சு விளையாடுறதா?”

ஹாஸ்டலில் என் பெட்டியைத் திறந்து பார்த்த நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி இதுதான். அரை மணி நேரம் கழித்து அவர்களே கேட்ட அடுத்த கேள்வி: “மச்சான், நானும் ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கிறேன். எதுடா வாங்குறது?”

இந்த இரண்டாவது கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதை என் அறை நண்பன் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டான். லீவில் இரண்டு மாதம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்து சேர்த்த பணம். அதில் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயை எடுத்து, விளம்பரத்தில் “அறுபது கிலோமீட்டர் வேகம்” என்று போட்டிருந்த ஒரு காரை வாங்கினான். முதல் நாள் பறந்தது. இரண்டாம் நாள் நடைபாதைக் கல்லில் முட்டியது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டியரிங் நக்கிள் என்ற விரல் அளவு பிளாஸ்டிக் துண்டு உடைந்தது. அந்தத் துண்டு எங்குமே கிடைக்கவில்லை. விற்ற கடைக்காரர், “தம்பி, பார்ட்ஸ் எல்லாம் வர்றதில்லை, புது கார் வேணா எடுத்துக்க” என்று சொல்லிவிட்டார். இரண்டு மாத உழைப்பு இரண்டே நாளில் அலமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது!

அவன் நிலைமை நம்மில் வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பொம்மையும் பந்தயக் காரும்

கடையில் தொங்கும் ரிமோட் காருக்கும் ஹாபி காருக்கும் வித்தியாசம் விலையில் இல்லை, வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பொம்மைக் காரில் ஸ்டியரிங் என்றால் முழு இடது, முழு வலது, அவ்வளவுதான். சுவிட்ச் போட்டால் எரியும் பல்பு மாதிரி. ஹாபி காரில் நீங்கள் ரிமோட் சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவு மட்டும் முன் சக்கரம் திரும்பும். விரலை லேசாக அழுத்தினால் லேசாக நகரும். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி.

இது எப்படி நடக்கிறது? இ.சி.இ. நண்பர்களுக்கு இது பழைய பாடம். ரிசீவரிலிருந்து சர்வோ மோட்டாருக்கு ஒரு நொடிக்கு சுமார் 50 தடவை ஒரு பல்ஸ் போகிறது. பல்ஸின் அகலம் 1.5 மில்லி செகண்ட் என்றால் சக்கரம் நேர். 1 மில்லி செகண்டாகக் குறைந்தால் ஒரு பக்கம், 2 மில்லி செகண்டாகக் கூடினால் மறுபக்கம். சர்வோவுக்குள் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருந்து “நான் இப்போ எங்கே இருக்கேன்” என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோல் சிஸ்டம் பேப்பரில் நம்மைத் தூங்கவிடாமல் செய்த குளோஸ்டு லூப் இதுதான்.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் முக்கியம். பொம்மை உடைந்தால் குப்பை. ஹாபி கார் உடைந்தால் ஸ்குரூவைக் கழற்றி அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். ஆனால் இங்கேதான் சூட்சுமம்: மாற்றும்படி செய்திருப்பது வேறு, மாற்றுவதற்குப் பாகம் கிடைப்பது வேறு. என் நண்பன் வாங்கியதும் ஹாபி கார்தான். பாகம்தான் கிடைக்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் காட்டிய வழி

பெரிய கார் பந்தயத்திலும் இதே பிரச்சினை இருந்தது. நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் கார் பந்தயம் நடக்கும். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. டிராக் இருந்தும், சாதாரணப் பையன் ஓட்டிப் பழக என்ன கார்? வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்கினால் ஒரு போல்ட் உடைந்தாலும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரைச் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. உலகத்திலேயே வேகமான கார் அல்ல. ஆனால் மாருதி ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அந்த எஞ்சின் தெரியும். எல்லோரிடமும் ஒரே மாதிரி கார் இருந்ததால் ஜெயித்தவன் பணக்காரனா என்ற பேச்சுக்கு இடம் குறைந்தது. நல்லா ஓட்டினவன் ஜெயித்தான். அந்த ஃபார்முலா மாருதியில் 1990-களின் தொடக்கத்தில் ஓட்டிப் பழகிய ஒரு கோவைப் பையன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். பெயர் நரேன் கார்த்திகேயன்.

கரிவரதன் 1995-இல் ஒரு சிறு விமான விபத்தில் காலமானார். அவர் விட்டுச்சென்ற பாடம் நம் சின்னக் காருக்கும் அப்படியே பொருந்தும். முதல் கார் என்பது வேகமான கார் அல்ல. உடைந்த மறுநாளே திரும்ப ஓடக்கூடிய கார்.

உலக அளவில் பார்த்தாலும் இதுதான் கதை. ஜப்பானின் டாமியா கம்பெனி 1976-இல் போர்ஷே 934 மாடலை 1:12 அளவில் ரிமோட் காராக வெளியிட்டது. 1984-இல் வந்த அவர்களுடைய ‘கிராஸ்ஹாப்பர்’ பக்கி பல நாட்டுப் பையன்களுக்கு முதல் கார். அதை 2005-இல் மறுபடியும் வெளியிட்டார்கள். நம் அப்பா காலத்து டிசைன்! வேகத்தில் இன்றைய கார்களிடம் நிற்காது. ஆனாலும் ஜனங்கள் தேடி வாங்குகிறார்கள். கட்டுவது சுலபம், அடி தாங்கும், பாகம் கிடைக்கும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

1. எந்தத் தரையில் ஓட்டப் போகிறாய்?

காரைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார். நம் பாண்டியில் மூன்று வகைத் தரை உண்டு. லாஸ்பேட்டை, ஆரோவில் பக்கம் செம்மண். கடற்கரைப் பக்கம் மணல். மற்ற இடத்தில் தார் அல்லது சிமெண்ட்.

தாழ்ந்து ஓடும் டூரிங் கார் என்றால் வழுவழுப்பான தார்த்தரை வேண்டும். ஒரு சின்னக் கல் தட்டினாலே குட்டிக்கரணம் போடும். சொந்த டிராக் இல்லாத நமக்கு அது சரிப்படாது. செம்மண் கிரவுண்டிலும் ஓடும், காலேஜ் சிமெண்ட் தரையிலும் ஓடும் என்றால் பக்கி அல்லது ஷார்ட் கோர்ஸ் டிரக் வகைதான் முதல் காருக்கு ஏற்றது. டிராக்ஸஸ் கம்பெனி 2008-இல் கொண்டுவந்த ‘ஸ்லாஷ்’ இந்த டிரக் வகையைப் பிரபலமாக்கியது. அதன் அகலமான பாடி சக்கரங்களை மூடியிருப்பதால் ஒன்றோடொன்று உரசினாலும் சக்கரம் சிக்கிக்கொள்ளாது.

கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். மணல் கியருக்குள் புகுந்தால் அரம் போட்ட மாதிரி தேய்க்கும். உப்புக்காற்று பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஆசைக்கு ஒரு நாள் ஓட்டினால், அன்று ராத்திரியே கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும்.

2. எந்த அளவு?

1:10 என்றால் நாலு மீட்டர் கார் நாற்பது சென்டிமீட்டராக இருக்கும் என்று கணக்கு. 1:8 இன்னும் பெரிது. பாகத்தின் விலையும் பெரிது. 1:18 சின்னது, கிரவுண்டில் ஒரு புல் தடுக்கினாலே நின்றுவிடும். உலகத்தில் அதிகம் பந்தயம் நடக்கும் அளவுகளில் 1:10-ம் ஒன்று. மின்சார 1:10 மண்தரைக் கார்களுக்கான முதல் உலகப் போட்டி 1985-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் டெல் மார் என்ற ஊரில் நடந்தது. அதனால் இந்த அளவுக்கு டயரும் மோட்டாரும் எந்தக் கம்பெனி செய்தாலும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். கை கடித்தால் 1:14 பரவாயில்லை. டபிள்யூ.எல். டாய்ஸின் 144001 மாதிரி நான்கு சக்கர ஓட்டமுள்ள 1:14 கார்களை நம் ஊர்ப் பையன்கள் நிறைய பேர் வைத்திருக்கிறார்கள். அதுவே பாகம் கிடைப்பதற்கு ஒரு காரணம்.

3. பெட்ரோல் வாசனையா, பேட்டரியா?

“நைட்ரோ வாங்குடா, நிஜக் கார் மாதிரி சத்தம் வரும்” என்று ஒரு சீனியர் சொல்லுவார். சத்தம் வரும், உண்மைதான். ஆனால் அது பெட்ரோலில் ஓடாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலந்த தனி எரிபொருள் வேண்டும். அது பெட்டிக்கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. புது எஞ்சினைப் பக்குவமாகப் பழக்க வேண்டும். வெயிலுக்கு ஒரு டியூனிங், மழைக்கு ஒரு டியூனிங். ஓட்டுகிற நேரத்தைவிட ஸ்டார்ட் செய்கிற நேரம் அதிகமாகும். ஐ.ஐ.டி. பாம்பேயின் டெக்ஃபெஸ்ட் மாதிரி விழாக்களில் எஞ்சின் வைத்த ரிமோட் கார் பந்தயம் நடந்ததுண்டு. அங்கே போக ஆசை இருந்தால் அது இரண்டாவது காராக இருக்கட்டும். முதல் கார் பேட்டரியில் ஓடட்டும்.

4. பிரஷ் மோட்டாரா, பிரஷ்லெஸ்ஸா?

பிரஷ்லெஸ் வேகம், அதிகச் சக்தி, கார்பன் தேயாது. எல்லாம் சரி. ஆனால் புதுசாக ஓட்டுகிறவன் கையில் அந்த வேகம் நேராகச் சுவரில் போய்த்தான் நிற்கும். ‘540’ அளவு பிரஷ் மோட்டார் விலை குறைவு, இரண்டே வயர், மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கலாம். ஆறு மாதம் அதில் ஓட்டுங்கள். கை பழகிய பின் மாற்றிக்கொள்ளலாம்.

வேகம் மோட்டாரில் மட்டும் இல்லை, கியரிலும் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பினியன் 20 பல், ஸ்பர் கியர் 80 பல் என்றால் விகிதம் 4. டிஃபரன்ஷியல் பக்கம் இன்னொரு 2.5 என்றால் மொத்தம் 10. மோட்டார் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றினால் சக்கரம் 1,500 சுற்று. சக்கர விட்டம் 85 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 267 மி.மீ. ஆக நிமிடத்துக்கு 400 மீட்டர், அதாவது மணிக்கு 24 கி.மீ. பினியனை 22 பல்லாக மாற்றினால் அதே மோட்டாரில் 26 கி.மீ.க்கு மேல் போகும். சும்மா கிடைக்கிறதா? இல்லை. மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரில் விரலை வைத்துப் பாருங்கள். விரல் தாங்கவில்லை என்றால் பினியனைக் குறையுங்கள். மெஷின் டிசைன் பேப்பரில் எழுதியதை விரலால் தொட்டுப் பார்க்கிற இடம் இது!

5. பேட்டரியில் விளையாடாதே

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஆறு செல், செல்லுக்கு 1.2 வோல்ட், மொத்தம் 7.2. கொஞ்சம் கனம், ஆனால் பொறுமைசாலி. 3,000 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து கார் சராசரி 12 ஆம்பியர் இழுத்தால் கால் மணி நேரம் ஓடும்.

லித்தியம் பாலிமர், அதாவது லைப்போ, எடை குறைவு, பலம் அதிகம். இரண்டு செல் என்றால் 7.4 வோல்ட். ஆனால் முன்கோபி. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பேலன்ஸ் சார்ஜர் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது. ஸ்பீடு கண்ட்ரோலரில் குறைந்த வோல்ட்டேஜில் தானே நிறுத்தும் வசதி இல்லை என்றால் லைப்போ மாட்டவே கூடாது. உப்பிப்போன பேட்டரியை “இன்னும் ஒரு ரவுண்டு” என்று ஓட்டக் கூடாது. சார்ஜில் போட்டுவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகவும் கூடாது. நம் ஊர் மே மாத வெயிலில் வண்டி டிக்கிக்குள் வைத்துவிட்டுப் போவதும் அதே மாதிரி ஆபத்துதான். லைப்போ தீப்பிடித்தால் வாளித் தண்ணீரில் அடங்குகிற தீ இல்லை அது. ஹாஸ்டல் அறையில் மெத்தை மேல் வைத்து சார்ஜ் போடுகிற நண்பர்களுக்கு இதைக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

6. ரேடியோ

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரே மாதிரி இரண்டு பொம்மைக் கார் வாங்கிவந்த இரண்டு பேரின் கதை எங்கள் பிளாக்கில் பிரசித்தம். ஒருவன் ரிமோட்டை அழுத்தினால் இரண்டு காரும் ஓடும்! காரணம், இரண்டும் 27 மெகாஹெர்ட்ஸில் ஒரே சானல். பழைய பந்தயங்களில் இதற்காகவே ஆளுக்கொரு கிரிஸ்டல் மாற்றி, யார் எந்த சானல் என்று பலகையில் குறித்து வைப்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இந்தத் தொல்லை இல்லை. ரிமோட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்ளும். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறிப்பிட்ட சக்திக்குள் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் விதி வந்தது. பந்தயம் என்று வந்துவிட்டால் 2.4 தவிர வேறு எதையும் வாங்காதீர்கள்.

7. ஸ்பேர்: கடைசியில் எழுதினாலும் முதலில் பார்க்க வேண்டியது

காசு கொடுக்குமுன் ஒரு தாளில் இந்த ஆறு பெயரை எழுதுங்கள்: சஸ்பென்ஷன் ஆர்ம், ஸ்டியரிங் நக்கிள், ஸ்பர் கியர், டிரைவ் ஷாஃப்ட், சர்வோ, சக்கரம். கடைக்குப் போனோ போன் போட்டோ கேளுங்கள்: “இந்த மாடலுக்கு இந்த ஆறும் இன்னைக்கு உங்ககிட்ட கையில இருக்கா? என்ன விலை?” ஆறில் நான்காவது இல்லை என்றால் அந்தக் காரை மறந்துவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. வரவழைத்தே தீர வேண்டும் என்றால் அன்றைய வரி என்னவென்று முதலில் விசாரித்துவிடுங்கள். நூறு ரூபாய் பாகத்துக்குத் தபால் செலவும் வரியும் காத்திருப்பும் சேர்ந்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

கையில் இருக்கிற பணத்தை முழுக்கக் காருக்கே போட்டுவிடாதீர்கள். நூறு ரூபாய் என்றால் அறுபது காருக்கு, இருபத்தைந்து பேட்டரிக்கும் நல்ல சார்ஜருக்கும், பதினைந்து ஸ்பேருக்கு. யானை வாங்கிவிட்டு அங்குசம் வாங்கக் காசில்லை என்று நிற்கக் கூடாது பாருங்கள்!

கட்டி முடித்த காரா, பாகமாக வருகிற கிட்டா என்று கேட்டால், பொறுமை இருக்கிறவர்களுக்கு நான் கிட்டையே சொல்வேன். டிஃபரன்ஷியலைத் தன் கையால் பூட்டியவன் அது உடையும்போது பயப்பட மாட்டான்.

எங்கே ஓட்டக் கூடாது?

சாயந்திரம் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், ரோடு காலியாக இருக்கிறதே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அங்கே நடப்பவர்கள் தாத்தா, பாட்டி, குழந்தைகள். ஒன்றரைக் கிலோ கார் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 52 ஜூல். ஒரு கிலோ கல்லை ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருகிற அடி. ஒரு பாட்டியின் கணுக்காலை நினைத்துப் பாருங்கள். ஹெலிபேடு மைதானத்திலும் காலை, மாலை நடக்கிறவர்கள் அதிகம். ஆள் இல்லாத நேரம், அனுமதி உள்ள இடம், ஓட்டுகிறவனைத் தவிர காவலுக்கு ஒருவன். இந்த மூன்றும் இருந்தால் மட்டும் ஓட்டுங்கள்.

அலமாரி மேலே இருந்த கார் என்ன ஆனது?

கதையை முடிக்காமல் விட்டால் நண்பன் கோபித்துக்கொள்வான். உடைந்த நக்கிளை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கல் நண்பர்களிடம் போனோம். வெர்னியரில் அளந்து, டிராயிங் போட்டு, அலுமினியத்தில் அறுத்து, வைஸில் பிடித்து, அரம் போட்டு மூன்று சனிக்கிழமையில் ஒரு நக்கிள் செய்தோம். மாட்டினால் கனகச்சிதம். ஹாஸ்டலே கைதட்டியது. அடுத்த வாரம் மறுபடி மோதினான். அலுமினிய நக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கு அடுத்திருந்த சஸ்பென்ஷன் ஆர்ம் இரண்டாக உடைந்தது! ஒர்க்‌ஷாப் சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏம்பா, ஃபியூஸுக்குப் பதிலா கம்பியைச் சுத்தினா என்ன ஆகும்? அந்த பிளாஸ்டிக்கு உடையறதுக்குன்னே வச்சது. அதைக் கெட்டியாக்கினா அடி அடுத்த பாகத்துக்குத்தான் போகும்.”

அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. உடையாத கார் என்று ஒன்று இல்லை. மலிவான இடத்தில் உடைய வேண்டும், உடைந்ததை உடனே மாற்ற முடிய வேண்டும்.

அதன் பிறகு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு முடிவு செய்தோம். ஆளுக்கொரு பிராண்ட் வேண்டாம், நான்கு பேரும் ஒரே மாடல். அதில் இரண்டு செகண்ட் ஹேண்ட். ஆளுக்கு ஒரு தொகை போட்டு, பழைய பிஸ்கட் டப்பாவில் பொது ஸ்பேர் வைத்தோம். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வளைத்துப் போட்டு டிராக். ஐந்து நிமிடப் பந்தயம், யார் அதிக ரவுண்டு வருகிறாரோ அவர் ஜெயித்தார். தோற்றவர் டீ வாங்க வேண்டும், கவிழ்ந்த காரைத் தூக்கிவிட வேண்டும். என் நண்பன் அலமாரிக் காரிலிருந்து மோட்டாரையும் சர்வோவையும் கழற்றி, புதுக் காருக்கு ஸ்பேராக அந்த டப்பாவில் போட்டுவிட்டான். போன பணத்தில் கொஞ்சமாவது திரும்பி வந்தது.

இப்போது எங்களில் அதிகம் ஜெயிப்பது யார் தெரியுமா? அவன்தான்! மணிக்கு இருபத்து நாலு கிலோமீட்டரில்!

ஆகவே நண்பர்களே, முதல் கார் வாங்கப் போகும்போது “எவ்வளவு வேகம்?” என்று கேட்காதீர்கள். “உடைஞ்சா பாகம் எங்கே கிடைக்கும்? என் கூட்டாளிகிட்ட என்ன கார் இருக்கு?” என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு பர்ஸைத் திறங்கள். ஜூனியர் தம்பி தங்கைகள் யாருக்காவது சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை மத்தியானம் பிஸ்கட் டப்பாவோடு கிரவுண்டில்தான் இருப்போம். வாருங்கள், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். உடைத்தாலும் பரவாயில்லை, ஸ்பேர் இருக்கிறது!

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு